மேட்டடார் என்ன விலை?

எங்கள் வீட்டுக் கொட்டகையில் எட்டு ஆண்டுகள் ஒரு டெம்போ நின்றுகொண்டிருந்தது. நின்றது என்பதைவிட அமர்ந்திருந்தது என்பதே பொருத்தம். நான்கு டயர்களிலும் காற்று இறங்கி, முன்பக்கம் சற்றே தாழ்ந்து, மாடு படுத்து அசைபோடுவது போன்ற ஒரு தோற்றம் அதற்கு வந்திருந்தது. அதை விற்ற கதையைத்தான் எழுதப் போகிறோம். இலக்கிய அன்பர்கள் கூடுகிற இடத்தில் பழைய வண்டி விற்ற கதைக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். விலை என்ற சொல்லைப் பற்றி அந்த நான்கு மாதங்களில் கற்றுக்கொண்ட அளவுக்கு முதுகலை வகுப்பில் கற்கவில்லை என்பதைத் தவிர வேறு சமாதானம் எங்களிடம் இல்லை.

நாங்கள் மூவர். அண்ணன் ஏற்றுமதி நிறுவனமொன்றில் மெர்ச்சண்டைசர். தங்கை வேறொரு நிறுவனத்தில் செக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்பவள். இடையில் பிறந்தவருக்குக் கல்லூரியில் தமிழ் நடத்தும் வேலை. எழுதுகிற பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. அப்பா 2022இல் இறந்தார். மருத்துவச் செலவுக்காக அத்தையிடம் வாங்கிய ஒன்றரை லட்சம் ரூபாய் நின்றுபோயிருந்தது. அத்தை கேட்கவில்லை. கேட்காத கடன்தான் கனம் அதிகம். அம்மா ஒருநாள் சொன்னார்: “வண்டிய வித்து அத்தை கடனக் கட்டிருங்க. அது உங்கப்பா வாங்குன கடன், அவரு வண்டியிலயே தீரட்டும்.” தங்கைக்கும் அந்தக் கொட்டகையில் நான்கைந்து தையல் இயந்திரங்கள் போட்டுச் சிறியதாக ஒரு பவர் டேபிள் வைக்கும் எண்ணம் இருந்தது. ஆக, விற்பது முடிவாயிற்று. என்ன விலைக்கு என்பதுதான் தெரியவில்லை.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது பஜாஜ் டெம்போ நிறுவனத்தின் மேட்டடார், பின்பக்கம் திறந்த சரக்கு வண்டி. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து நிறுவனமொன்று டெம்போ என்ற பெயரில் சிறிய சரக்கு வண்டிகள் செய்துவந்தது. அதனோடு ஒப்பந்தம் செய்துகொண்டு 1958இல் தொடங்கப்பட்டதுதான் பஜாஜ் டெம்போ. முதலில் மூன்று சக்கர வண்டி, பிறகு 1969இல் மேட்டடார். 2005இல் அந்த நிறுவனம் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது. ஆனால் கைவிட்ட பெயரை நம்மவர்கள் எடுத்து வைத்துக்கொண்டார்கள். இன்றும் எந்த நிறுவனத்தின் சிறிய சரக்கு வண்டியானாலும் நம் ஊர்களில் அது டெம்போதான். ஒரு ஜெர்மானியப் பெயர் தமிழ்ப் பொதுப்பெயராகிவிட்டது. அதே 2005இல் டாடா ஏஸ் வந்தபோது மட்டும் மக்கள் அதற்குச் சொந்தமாகப் பெயரிட்டார்கள்: சின்ன யானை. அந்தச் சின்ன யானைதான் மேட்டடாரின் பிழைப்பை முடித்தது என்பது வேறு விஷயம்.

மேட்டடார் என்ற பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்பானிய மொழியில் அது காளையைக் கொல்கிற வீரனைக் குறிக்கும். காங்கேயம் காளைகளின் சீமையில் மாட்டு வண்டியின் இடத்தைப் பிடித்துக்கொண்ட வாகனத்துக்கு அந்தப் பெயர் தானாகவே அமைந்திருக்கிறது. அப்பாவின் அப்பா வண்டிமாடு வைத்துப் பருத்திப் பொதி ஏற்றியவர். அப்பா மாடுகளைக் கண்ணபுரம் சந்தையில் விற்றுவிட்டு, அந்தப் பணத்தோடு பைனான்ஸில் கடனும் வாங்கி, 1988இல் இந்த மேட்டடாரை இரண்டாம் கையாக 58,000 ரூபாய்க்கு வாங்கினார்.

திருப்பூரை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஊரில் ஒரு பனியன் ஒரே கூரையின் கீழ் உருவாவது அரிது. நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங் ஓரிடம், கட்டிங்கும் தையலும் வேறிடம். ஒவ்வோர் இடத்துக்கும் நடுவே ஒரு டெம்போ ஓட வேண்டும். ஒருவகையில் ஊர் முழுவதும் ஒரே தொழிற்சாலை. டெம்போக்கள்தாம் அதன் ஓடும் பட்டைகள். எங்கள் வண்டி பெரும்பாலும் சாயப்பட்டறைகளுக்கு ஓடியது. ஈரத்துணி ஏற்றிவரும் நாட்களில் பின்பலகை வழியே நீலமோ மெரூனோ சொட்டிக்கொண்டே வரும். மழைநாளில் எங்கள் வாசலில் எந்த நிறம் ஓடுகிறது என்பதை வைத்து அன்று யாருடைய ஆர்டர் என்று அண்ணன் சொல்லிவிடுவான். நொய்யலுக்கும் அதே நிறங்கள்தாம் போயின. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது எங்கள் வண்டியும் நின்றது. பிறகு அரைகுறையாக ஓடி, 2016இன் பணமதிப்பிழப்பு மாதங்களில் அடியோடு படுத்துவிட்டது. நொய்யலுக்காக வருந்துவதா வண்டிக்காக வருந்துவதா என்று தெரியாமல் அப்பா அந்தப் பேச்சையே எடுக்கமாட்டார்.

முதலில் வந்தவர் பழைய இரும்புக்காரர். வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “ஆயிரத்தி நானூறு கிலோ தேறுமுங்க. கிலோ முப்பத்தொண்ணு. நாப்பத்தி மூணாயிரம் குடுத்தர்றேன், நானே தூக்கிட்டுப் போயிக்கிறேன்” என்றார். அவருக்கு அது வண்டியே அல்ல, எடை. அவரிடம் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. எங்களுக்கு வந்த விலைகளில் கணக்கு வெளிப்படையாக இருந்தது அது ஒன்றுதான்.

அடுத்து ஆட்டோ கன்சல்டிங் நடத்துபவர். (பழைய வண்டி வாங்கி விற்பதற்குக் கொங்கு நாட்டில் கன்சல்டிங் என்றுதான் பெயர். என்ன ஆலோசனை வழங்குகிறார்கள் என்று கேட்கக் கூடாது.) அவர் வண்டியைப் பார்க்கவேயில்லை, ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டார். அதில் அப்பாவின் பெயர் இருந்தது, பைனான்ஸ் அடமானக் குறிப்பு ரத்தாகாமல் இருந்தது, எஃப்.சி. 2016இலேயே முடிந்திருந்தது. புத்தகத்தை மூடித் திருப்பித் தந்துவிட்டு, “பேப்பர் சுத்தமா இருந்தா எழுபது. இப்பிடியே குடுத்தா இரும்பு வெலதானுங்க” என்றார். மோட்டார் வாகனச் சட்டப்படி சரக்கு வண்டிக்குத் தகுதிச் சான்று இல்லையென்றால் அதன் பதிவே செல்லுபடியாகாததாகக் கருதப்படும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டோம். கொட்டகையை அடைத்துக்கொண்டிருந்த அந்தப் பொருள் சட்டத்தின் கண்ணில் எட்டு வருடங்களாக வண்டியாகவே இல்லை.

அண்ணன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த வழியில் ஒரு காஸ்டிங் ஷீட் போட்டான். இந்த ஊரில் எதற்கும் காஸ்டிங் உண்டு. நூல் கிலோ என்ன, நிட்டிங் கூலி என்ன, சாயம் என்ன, கழிவு எத்தனை சதவீதம், தையல் கூலி, பட்டன், பாலிபேக், கடைசியில் ரிஜெக்ஷனுக்கு மூன்று சதவீதம். வண்டிக்கும் அப்படியே வரிசை போட்டான். வாங்கிய விலை, 1996இல் இன்ஜின் பிரித்துக் கட்டியது, இருமுறை பாடி மாற்றியது, டயர்கள், வருடாந்தர எஃப்.சி. செலவு. கூட்டினால் நான்கு லட்சத்துக்கு மேல் வந்தது. செலவழித்த பணம் விலை ஆகாது என்பது அவனுக்குத் தெரியாததல்ல. துணியில் அது தெரிகிறது, அப்பாவின் வண்டியில் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்தத் தாளில் ரிஜெக்ஷன் மூன்று சதவீதம் என்ற வரியையும் பழக்கதோஷத்தில் எழுதியிருந்தான். அந்த வரி பின்னால் வரும்.

இதற்கிடையில் பழைய வாகனங்களை நேசிப்பவர்கள் நல்ல விலை தருவார்கள் என்று ஒரு நண்பர் ஆசையைக் கிளப்பிவிட்டார். கோவை அவிநாசி சாலையிலுள்ள கீடீ கார் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பார்த்தோம். அங்கே பழைய கார்கள் மணப்பெண்களைப் போல் மின்னிக்கொண்டு நின்றன. வீடு திரும்பி விதிகளைப் படித்தோம். 2021இல் வந்த மத்திய அரசின் விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாமல் இருக்கும் வாகனத்துக்குத் தொன்மை வாகனம் என்ற தகுதியும் தனிப் பதிவெண்ணும் கிடைக்கும். ஆனால் அது சொந்தப் பயன்பாட்டு வாகனங்களுக்கு மட்டுமே. சுமை தூக்கியது எத்தனை வயதானாலும் தொன்மை ஆகாது. இதைப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சவாரி செய்த கார் கிழமாகிப் பெருமை பெறலாம். மூட்டை தூக்கிய டெம்போ கிழமாகத்தான் ஆகலாம்.

மூல வடிவம் என்பதும் சரக்கு வண்டிக்கு நடக்காத காரியம். ஒவ்வோர் எஃப்.சி.க்கும் முன்பு புதிதாகப் பெயின்ட் அடித்தாக வேண்டும். எங்கள் வண்டியின் கதவை நகத்தால் சுரண்டினால் மஞ்சளுக்குக் கீழே நீலம், அதற்குக் கீழே பழுப்பு என்று படலம் படலமாக வரும். ஆசைப்பட்டு விசாரித்த ஒருவர், “ஒரிஜினல் பெயின்ட் இருக்கா?” என்று கேட்டார். இருக்கிறது, ஏழெட்டுப் பெயின்ட்களுக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது என்றோம். அவர் பிறகு பேசவில்லை.

இனிச் சொல்ல வேண்டியது அந்த வெல்டிங் பற்றி.

2003இல் காங்கேயம் சாலையில், துணி ரோல் ஏற்றி வருகையில், வண்டி புளியமரத்தில் மோதியது. ஓட்டியவர் எங்கள் டிரைவரண்ணன். அப்பாவிடம் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவர், எங்களைப் பள்ளிக்கு அந்த வண்டியிலேயே கொண்டுபோய் விட்டவர். அவருக்கு வலக்கால் முறிந்தது. இன்றுவரை சற்றுச் சாய்ந்துதான் நடப்பார். வண்டியின் முன்பக்கச் சேஸ் வளைந்துவிட்டது. வெட்டி, நிமிர்த்தி, உள்ளே தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். வேலை சுத்தமான வேலை. அதற்குப் பிறகு பதின்மூன்று வருடம் வண்டி ஓடியது. ஆனால் சேஸ் வெட்டி ஒட்டிய வண்டி என்று தெரிந்தால் விலை பாதியாகும் என்று பயந்து, அப்பா அதன்மேல் தார் பூசிவைத்தார். யாரிடமும் சொல்லக் கூடாதென்று டிரைவரண்ணனிடம் கேட்டுக்கொண்டார். அவரும் சொல்லவில்லை.

அப்பாவை நல்லவராகவும் நேர்மையாளராகவும் எழுதிவிடத்தான் ஆசை. அவர் நேர்மையாளர்தான், பெரும்பாலும். சந்தையில் மாடு விற்பதை அவர் விவரித்துக் கேட்டிருக்கிறோம். தரகரும் வாங்குபவரும் துண்டுக்கடியில் கையைக் கோத்துக்கொண்டு விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை அந்த இரண்டு கைகளுக்கு மட்டுமே தெரியும். “வெலைய மறைக்கலாம், மாட்ட மறைக்க முடியாது. பல்லப் புடிச்சுப் பாத்துருவான், சுழி பாத்துருவான்” என்பார். மாட்டில் எதையும் மறைக்க முடியாதென்று சொன்னவர் வண்டியில் ஒன்றை மறைத்திருந்தார். மாடு அவர் அறிந்த உலகம், வண்டி கடனில் வாங்கிய உலகம் என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

காகித வேலையில் மூன்று மாதம் போனது. எல்லாவற்றையும் எழுதினால் இதைப் படிப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள். சுருக்கமாக: வாரிசுச் சான்றிதழ், எங்கள் மூவரின் சம்மதக் கடிதம், படிவம் 31 ஆகியவற்றின் வழியே வண்டி அம்மாவின் பெயருக்கு மாறியது. அடமானக் குறிப்பை நீக்கப் படிவம் 35இல் பைனான்ஸ்காரர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த பைனான்ஸோ மூடி இருபது வருடமாகிவிட்டது. கூட்டாளிகளில் ஒருவரின் மகனைத் தேடிப் பிடித்தோம். அப்பா கட்டி முடித்த ரசீதுகள் டிரங்குப் பெட்டியில் மாதவாரியாக நூலில் கோத்து இருந்தன. அதைப் பார்த்ததும் அந்த மனிதர் பரணிலிருந்து பழைய ரப்பர் முத்திரையைத் தேடி எடுத்து, மை காய்ந்திருந்ததால் எச்சில் தொட்டு அழுத்தி, கையெழுத்திட்டுக் கொடுத்தார். ஒரு காப்பிகூட வாங்கிக்கொள்ளவில்லை.

எஃப்.சி.க்கு மட்டும் 41,000 ரூபாய் ஆயிற்று. பிரேக், டயர், விளக்குகள், மீண்டும் ஒரு படலம் பெயின்ட். பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகளுக்குத் தகுதிச் சான்றுக் கட்டணமும் 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு கூடியிருக்கிறது. இரும்புக்குப் போட்டிருந்தால் கைச்செலவில்லாமல் 43,000 வந்திருக்கும்; இப்போது 41,000 போட்டுவிட்டு வாங்க ஆள் வருமா என்று காத்திருக்கிறோம். அண்ணனின் தாளில் இதுவும் ஏறியது.

இந்த அலைச்சலில் பிடித்துப்போன காரியம் ஒன்று உண்டு. சேஸ் எண்ணைச் சரிபார்க்க, அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்கள். துருவும் பெயின்டும் மண்டிய இரும்பிலிருந்து எண்கள் ஒவ்வொன்றாக வெண்மையாய் எழும்பி வருவதைப் பார்த்தபோது, மாணவர்களோடு கோயில்களுக்குப் போய்க் கல்வெட்டு மைப்படி எடுத்த நாட்கள் நினைவுக்கு வந்தன. ஓரெண் மட்டும் வரவேயில்லை. டிரைவரண்ணன் மண்ணெண்ணெய்த் துணியால் கால்மணி நேரம் துடைத்த பிறகுதான் வந்தது. அப்படித் துடைக்கையில் பக்கத்திலிருந்த தாரும் கொஞ்சம் பெயர்ந்தது. வெல்டிங்கின் தழும்பு கையகலத்துக்குத் தெரிந்தது.

தங்கை அன்று மாலை அதைப் பார்த்தாள். பையிலிருந்து ஓர் அம்புக்குறி ஸ்டிக்கரை எடுத்துத் தழும்பின் பக்கத்தில் ஒட்டினாள். செக்கிங் மேஜையில் துணியில் ஓட்டையோ கறையோ கண்டால் அந்தச் சிறிய சிவப்பு அம்பை ஒட்டி ஒதுக்குவார்கள். பதினெட்டு வருடமாக அவள் செய்கிற வேலை அது. “வாங்க வர்றவங்க பாக்கட்டும்” என்றாள். அண்ணன், “பையருக்கு யாராச்சும் டிஃபெக்ட்டக் கூப்புட்டுக் காட்டுவாங்களா?” என்றான். அவள், “காட்டாம அனுப்பிச்சா கண்டெய்னரே திரும்பி வரும்ணா. காதர்பேட்டைல செகண்ட்ஸ் விக்கிறவங்ககூடச் செகண்ட்ஸ்னு சொல்லித்தான் விக்கறாங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். தென்னந்தோப்புக்காரர், ஐம்பது வயதிருக்கும். அவருடைய அப்பாவும் மேட்டடார் வைத்திருந்தவராம். தோப்பில் தேங்காய் ஏற்றவும் வேண்டும், சும்மா ஓட்டிப் பார்க்கவும் வேண்டும் என்றார். தங்கைக்கு அன்று ஷிப்மென்ட் இருந்ததால் அவள் வீட்டில் இல்லை. அவர் வருவதற்குக் கால்மணி நேரம் முன்பு, அந்த அம்புக்குறியை உரித்து, தழும்பின்மேல் கறுப்புப் பெயின்டைத் தடவினோம்.

தமிழில் நாம் என்றும் நாங்கள் என்றும் இரண்டு பன்மைகள் உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது ஒன்று, விலக்கிவைப்பது மற்றொன்று. வகுப்பில் இதை ஆண்டுதோறும் நடத்துகிறோம். செய்தவன் யார், பார்த்துக்கொண்டு நின்றவன் யார் என்று பிரித்துச் சொல்லாமல் இருவரையும் ஒளித்துவைக்கும் வசதியும் இந்தப் பன்மைக்கு உண்டென்று இலக்கண நூல்கள் சொல்வதில்லை. உரித்த கை ஒன்று. பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்த கை இன்னொன்று.

அந்த வாரம் வகுப்பில் நடந்துகொண்டிருந்தது பட்டினப்பாலை. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பற்றிய பகுதி: பிறர் பொருளையும் தம் பொருள் போலவே எண்ணி, வாங்கும்போது மிகுதியாக வாங்காமலும் கொடுக்கும்போது குறைத்துக் கொடாமலும் வணிகம் செய்தார்கள் என்று புகழ்கிற இடம். மாணவர்கள் தேர்வுக்கு முக்கியமா என்று கேட்டார்கள். முக்கியம் என்று சொல்லப்பட்டது.

வந்தவர் வண்டியை மிகவும் ரசித்தார். பின்பலகையின் மரச்சட்டங்களில் ஊறிப்போயிருந்த சாயக்கறைகளைத் தடவிப் பார்த்து, “இதுக்கு மட்டும் பெயின்ட் அடிக்காம உட்ருங்க” என்றார். டிரைவரண்ணன் வண்டியைக் கிளப்பிக் காட்டினார். எங்கள் தெருமுனை வரை ஓட்டிவிட்டு இறங்கியவர், பெரிய பேரமில்லாமல் ஒரு லட்சத்து அறுபதாயிரம் என்று சொல்லி, பத்தாயிரம் அச்சாரமும் கொடுத்தார். அத்தை கடன் தீர்ந்து பத்தாயிரம் மிஞ்சும். “ஆக்சிடென்ட் எதுவும் இல்லைங்களே?” என்று போகிற போக்கில்தான் கேட்டார். “சின்னச் சின்ன ஒரசல்தானுங்க” என்றோம். டிரைவரண்ணன் எங்களைப் பார்க்காமல் வண்டியின் அடியில் எதையோ பார்க்கிறவர்போலக் குனிந்துகொண்டார்.

இரவு தங்கை வந்தாள். யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. கைகழுவப் போனவள் குப்பைக்கூடையில் கிடந்த சிவப்பு அம்பைப் பார்த்துவிட்டாள். சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, “அவரு அதுல தேங்கா ஏத்திட்டு ஆழியாறு மலையில ஏறுவாரு இல்ல?” என்றாள். அவ்வளவுதான். அம்மாவும் சாப்பிடவில்லை.

வேறொரு கவலையும் எங்களைப் பிடித்து ஆட்டியது. அதை மறைத்து நேர்மையை மட்டும் காரணமாகச் சொன்னால் அது இன்னொரு தார்ப்பூச்சு. நண்பரான வழக்கறிஞர் ஒருவர் சொல்லியிருந்தார்: 2007இல் விற்கப்பட்டு, பெயர் மாற்றப்படாமலேயே கை மாறிப் போன ஒரு கார் 2009இல் விபத்துக்குள்ளானது, பதிவேட்டில் பெயர் இருப்பவரே உரிமையாளர், அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எங்கள் வண்டியோ அம்மாவின் பெயரில் இருக்கிறது. பெயர் மாறுவதற்குள் அந்தத் தழும்பு பிளந்தால் என்ன ஆகும் என்று யோசித்தோம். அறமும் பயமும் அன்றிரவு ஒரே பாயில்தான் படுத்திருந்தன. எது எந்தப் பக்கம் புரண்டது என்று எங்களால் பிரித்துச் சொல்ல இயலாது.

மறுநாள் காலை அண்ணன்தான் தொலைபேசியில் பேசினான். முழுவதையும் சொன்னான், பெயின்ட் தடவியது உட்பட. எதிர்ப்பக்கம் சற்று நேரம் சத்தமில்லை. “யோசிச்சுச் சொல்றேனுங்க” என்று வைத்துவிட்டார். நான்கு நாள் ஒன்றும் தெரியவில்லை. அச்சாரப் பணத்தை அம்மா சாமி படத்தின் முன்னே வைத்திருந்தார், திருப்பிக் கொடுக்க.

ஐந்தாம் நாள் அவர் ஒரு மேஸ்திரியோடு வந்தார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் டிரைவரண்ணன் சாக்கை விரித்து, சாய்ந்த காலை இழுத்துக்கொண்டு வண்டிக்கடியில் படுத்துவிட்டார். ஸ்க்ரூடிரைவரால் பெயின்டைச் சுரண்டி, “இங்க வாங்க மேஸ்திரி. இங்கிருந்து இதுவரைக்கும் வெட்டுனது. உள்ள கால் இஞ்சுத் தகடு. நாந்தான் மரத்துல உட்டேன். அப்பறம் பதிமூணு வருசம் நாந்தான் ஓட்டுனேன்” என்றார். இருபது வருடத்தில் அவர் அதைச் சொல்லி நாங்கள் கேட்டது அதுதான் முதல்முறை. மேஸ்திரி சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டார். வெல்டிங்கில் குறையில்லை, ஆனால் முழுப் பாரம் ஏற்றாமல் ஓட்டுவது நல்லது என்றார்.

“ஒண்ணு இருவதுங்க” என்றார் பொள்ளாச்சிக்காரர். நாற்பதாயிரம் குறைத்திருந்தார். அண்ணன் ஒன்றும் பேசாமல் தலையசைத்தான். ஏன் எங்கள்மேல் கோபமில்லை என்று அவரைக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. கோபம் இருந்திருக்கலாம், நாற்பதாயிரத்தில் அதுவும் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

பெயர் மாற்றம் முடிந்த பிறகுதான் வண்டியைத் தருவோம் என்றோம். அவரும் அதையே விரும்பினார். படிவம் 29, படிவம் 30, அம்மாவின் கையெழுத்துகள். அம்மா கையெழுத்துப் போடும்போது ஒவ்வொரு தாளிலும் அப்பாவின் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போட்டார்.

கணக்கைச் சொல்லிவிடுகிறோம். ஒரு லட்சத்து இருபதாயிரத்தில் எஃப்.சி. செலவு 41,000 போக 79,000 நின்றது. அத்தை கடனுக்கு இன்னும் 71,000 வேண்டியிருந்தது. மூவரும் பிரித்துக்கொண்டோம். தங்கையின் பங்கை வாங்க அண்ணன் மறுத்தான், அவள் கேட்கவில்லை. அண்ணன் தன் காஸ்டிங் ஷீட்டில் ரிஜெக்ஷன் மூன்று சதவீதம் என்பதை அடித்துவிட்டு, இருபத்தைந்து என்று எழுதிக் கோப்பில் வைத்துவிட்டான். அத்தை பணத்தை வாங்கிக்கொண்டு, எண்ணிப் பார்க்காமல், “வண்டியக் குடுத்துட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

வண்டியை எடுத்துப்போக அவர் தனியாகத்தான் வந்தார். பொள்ளாச்சி வரை டிரைவரண்ணன் கூடப் போவதாக ஏற்பாடு. குளிர்காலக் காலையில் அது எளிதில் கிளம்பாது. எத்தனை நொடி ஹீட்டர் போட வேண்டும், கிளட்சை எந்த அளவுக்கு மிதித்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தங்கை கொட்டகையிலிருந்து ஓடிவந்து, குனிந்து, சேஸின் அந்த இடத்தில் புதிதாக ஓர் அம்புக்குறியை ஒட்டினாள். பொள்ளாச்சிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “மழைல உரிஞ்சுருமே கண்ணு” என்றார். “உரிஞ்சா கூப்புடுங்க, அனுப்பி வெக்கிறேனுங்க” என்றாள் அவள்.

டிரைவரண்ணன் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். முப்பத்தைந்து வருடத்தில் அந்தப் பக்கக் கதவு வழியாக அவர் ஏறியது அன்றுதான். கதவை எப்படிச் சாத்துவதென்று தெரியாமல் இரண்டு முறை அறைந்தார். பல்லடம் சாலையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். கொட்டகையில் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைக்கு நடுவே செவ்வகமாக ஒரு சுத்தமான தரை இருந்தது. தங்கை டேப்பை எடுத்து வந்து அளக்க ஆரம்பித்தாள்.